ஒரே லேபிளில் இரண்டு பாக்டீரியா: சிப்பி லார்வாக்களைக் காக்கும் ஃபேயோபாக்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது ஒரு கடல் பாக்டீரியாவைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியாவில், ஸ்காலப் என்ற விசிறிச் சிப்பியின் லார்வாக்களை வளர்த்த நீரிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. நோய்க்கிருமிகளை அடக்கும் என்ற நம்பிக்கையில் பல நாட்டு ஆய்வகங்கள் அதைத் தேடி வாங்கின. பெயர் சூட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகு, அந்தப் பெயரோடு பாரிஸின் பாக்டீரியா சேமிப்பகத்தில் இருந்த குழாயிலும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரச் சேமிப்பகத்தில் இருந்த குழாயிலும் இருப்பது ஒரே உயிரி இல்லை என்று தெரியவந்தது. தனிநபர் பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தொட்டியில் விடலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் பொரிப்பகத்தில் வேலை செய்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

## பின்னணி: லார்வாத் தொட்டி

விசிறிச் சிப்பியின் லார்வா கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். வீலம் என்று ஓர் உறுப்பு உண்டு. அதன் விளிம்பு முழுக்க நுண்ணிய மயிரிழைகள். அவற்றை அசைத்துத்தான் லார்வா நீந்தும், அதே அசைவில்தான் பாசியை வாய்க்குத் தள்ளும். மூன்று நான்கு வாரம் இப்படி நீந்திய பிறகே ஓரிடத்தில் ஒட்டி உட்காரும். ஆபத்து முழுவதும் அந்த வாரங்களில்தான். தொட்டியில் லார்வாக்கள் நெருக்கமாக இருக்கின்றன, தண்ணீர் இளஞ்சூடாக இருக்கிறது, தீவனப் பாசியும் கழிவும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவை பெருகினால் முதலில் நீச்சல் தளரும், அப்புறம் லார்வாக்கள் அடியில் படியத் தொடங்கும். காலையில் படிவதைப் பார்த்தால், அடுத்த ஓரிரு நாளில் தொட்டியையே கொட்டிக் கழுவ வேண்டி வரலாம்.

சிப்பிக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. முதுகெலும்புள்ள உயிர்களைப் போல நோயை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கும் அமைப்பு அதற்குக் கிடையாது. அதனால் ஐரோப்பியப் பொரிப்பகங்கள் ஒரு காலத்தில் குளோராம்ஃபெனிகால் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை நம்பியிருந்தன. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களில் அந்த மருந்தைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் தடை போட்டது. மருந்து போனது, நோய் போகவில்லை. கெட்ட பாக்டீரியாவை நல்ல பாக்டீரியாவால் அடக்க முடியுமா என்ற கேள்வி கடற்கரை ஆய்வகங்களில் சூடுபிடித்தது இப்படித்தான்.

## 1998–1999: கலீசியாவில் கிடைத்த ஸ்ட்ரெயின்

கலீசியாவின் ஆய்வாளர்கள், பெக்டன் மாக்சிமஸ் என்ற பெரிய விசிறிச் சிப்பியை வளர்க்கும் தொட்டிகளிலும், குஞ்சுகள் ஒட்டுவதற்காகக் கடலில் தொங்கவிட்ட சேகரிப்பான்களிலும் இருந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒரு குழு புதிய சிற்றினம் என்று தெரிந்தது. 1998-இல் ரோசியோபாக்டர் காலேசியென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஸ்ட்ரெயின் என்பது ஒரு சிற்றினத்துக்குள் தனியாகப் பிரித்து வளர்த்த ஒரு வம்சம். பெயருக்கு ஆதாரமான ஸ்ட்ரெயின் பி.எஸ். 107. அது பாரிஸின் பாஸ்டர் நிறுவனச் சேமிப்பகத்தில் சி.ஐ.பி. 105210 என்ற எண்ணில் வைக்கப்பட்டது.

சிற்றினத்துக்கு ஆதாரமான ஸ்ட்ரெயின் என்பது வீட்டு மனைக்கு மூலப்பத்திரம் போன்றது. பின்னால் யார் எந்தப் பாக்டீரியாவைக் கண்டெடுத்தாலும், அது இந்தச் சிற்றினமா இல்லையா என்பதை அந்த ஸ்ட்ரெயினோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

1999-இல் அதே ஸ்ட்ரெயினை லார்வாக்களிடம் சோதித்தார்கள். பி.எஸ். 107-இன் செல் சாற்றைச் சேர்த்தபோது விசிறிச் சிப்பி லார்வாக்கள் கூடுதலாகப் பிழைத்தன. விப்ரியோவை அடக்கும் திறனோ, வேறொரு பாக்டீரியா அல்லது அதன் சுரப்பு கூட இருந்தபோதுதான் வெளிப்பட்டது. சூழலைப் பொறுத்துத் திறன் தோன்றுவதும் மறைவதும் முதல் சோதனையிலேயே தெரிந்த விஷயம். பின்னால் வந்த பலர் இதற்குப் போதிய கவனம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

## 2004–2011: புகழ் கூடிய ஆண்டுகள்

2004-இல் ஜெர்மனியின் வாடன் கடலோரத்தில் கிடைத்த டி5 என்ற ஸ்ட்ரெயின் மற்ற பாக்டீரியாக்களை வலுவாக அடக்கியது. அது சுரந்த பொருள் ட்ரோபோடைதியெட்டிக் அமிலம். ஏழு கார்பன் வளையத்தில் கந்தகம் சேர்ந்த சிறு மூலக்கூறு அது. ஆய்வகங்களில் சுருக்கமாக டி.டி.ஏ. என்பார்கள். பாக்டீரியாவின் சவ்வுக்கு இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டை அது குலைத்துவிடுகிறது. செல்லின் சக்தி உற்பத்தி அந்த வேறுபாட்டை நம்பியே நடப்பதால், விப்ரியோ முடங்கிப்போகிறது. இதற்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்க முயன்றவர்களுக்கு அது எளிதாக வாய்க்கவில்லை. மருந்து எதிர்ப்புக்குப் பயந்த மீன்வளத் துறையினருக்கு இது பெரிய ஆறுதல்.

2006-இல் வகைப்பாடு மாறியது. கலீசியா சிற்றினம் ஃபேயோபாக்டர் என்ற புதிய பேரினத்துக்கு நகர்ந்து ஃபேயோபாக்டர் காலேசியென்சிஸ் ஆனது. வாடன் கடலின் டி5, ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ் என்ற தனிச் சிற்றினமானது. இரண்டும் நெருங்கிய உறவு, இரண்டும் டி.டி.ஏ. சுரக்கும், இரண்டும் அகார் தட்டில் பழுப்பு நிறமாக வளரும். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

இதற்கிடையே பிரவுன்ஷ்வைக் சேமிப்பகத்திலும் காலேசியென்சிஸின் ஆதார ஸ்ட்ரெயின் என்ற பெயரில் ஒரு குழாய் இருந்தது: டி.எஸ்.எம். 17395. பல ஆய்வகங்கள் அதையே வாங்கிப் பயன்படுத்தின.

2011-இல் இந்தப் பாக்டீரியாவின் இன்னொரு முகம் தெரிந்தது. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசி முதுமை அடையும்போது வெளிவிடும் ஒரு பொருளை உணர்ந்ததும், ஃபேயோபாக்டர் ரோசியோபாக்டிசைடு என்ற பாசிக்கொல்லியைச் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை பாசிக்குத் துணையாக இருந்தது, அதன் பிறகு அதைக் கொல்கிறது. சிப்பி லார்வாக்களின் உணவே பாசிதான் என்பதால் இது பொரிப்பகத்துக்கு நேரடியான செய்தி.

## 2012: முழு ஜீனோம்

2012-இல் டி.எஸ்.எம். 17395-இன் முழு ஜீனோம், அதாவது அதன் டி.என்.ஏ. வரிசை முழுவதும், வெளியானது. கூடவே, ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே கடல் பாசி ஒன்றின் மேற்பரப்பிலிருந்து எடுத்த 2.10 என்ற ஸ்ட்ரெயினின் ஜீனோமும் வந்தது. உலகின் எதிரெதிர் மூலைகளில் கிடைத்த இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. இரண்டும் காலேசியென்சிஸ் என்ற பெயரிலேயே அப்போது பேசப்பட்டன.

பொரிப்பகக் கண்ணோட்டத்தில் அந்த ஜீனோமில் முக்கியமானது வேறு. டி.எஸ்.எம். 17395-க்கு ஒரு குரோமோசோமும் மூன்று பிளாஸ்மிட்களும் இருந்தன. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக நிற்கும் வட்ட டி.என்.ஏ. மூன்றும் ஏறத்தாழ 262, 78, 65 கிலோபேஸ் அளவு. ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள். டி.டி.ஏ. தயாரிக்கும் மரபணுக்கள் இருந்தது 262 கிலோபேஸ் பிளாஸ்மிட்டில். 65 கிலோபேஸ் பிளாஸ்மிட், பரப்பில் ஒட்டிப் படலமாக வளரும் திறனோடும் நீந்தும் திறனோடும் தொடர்புடையது என்பது பிறகு உறுதியானது.

எந்தக் குணத்துக்காக இதை லார்வாத் தொட்டியில் விட நினைக்கிறோமோ அந்தக் குணம் குரோமோசோமில் பத்திரமாக இல்லை. பிளாஸ்மிட் தொலைந்தாலும் செல் உயிரோடு இருக்கும், பெருகும், டி.டி.ஏ. மட்டும் வராது. ஃபேயோபாக்டரும் அதன் உறவுகளும் அடங்கிய ரோசியோபாக்டர் குழுவைச் சேர்ந்த டி.எம். 1040 என்ற வேறொரு பாக்டீரியாவில் டி.டி.ஏ. மரபணுக்கள் உள்ள பிளாஸ்மிட் தானாகவே தொலைவது 2008-லேயே பதிவாகியிருந்தது. தொலைத்த செல்கள் பழுப்பு நிறத்தையும் சேர்த்தே இழந்தன.

## பிளாஸ்மிட் கணக்கு ஒத்துப்போகவில்லை

பிரவுன்ஷ்வைக்கில் இந்தக் குழுவின் பிளாஸ்மிட்களை ஆராய்ந்தவர்கள் பாரிஸ் குழாயையும் தங்கள் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ.-வை ஜெல்லில் ஓட்டினால் ஒவ்வொரு பிளாஸ்மிட்டும் அளவுக்கேற்ற தூரத்தில் ஒரு பட்டையாக நிற்கும். ஒரே ஸ்ட்ரெயின் என்றால் பட்டைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை வேறுபட்டன.

இங்கே சுலபமான விளக்கம் ஒன்று கையருகே இருந்தது. பல ஆண்டு வளர்ப்பில் ஒரு குழாய் சில பிளாஸ்மிட்களைத் தொலைத்திருக்கலாம் என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடிக்காமல், இரண்டும் ஒரே உயிரிதானா என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்டார்கள். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரே சோதனையை நம்பவில்லை. பாக்டீரியா அடையாளத்துக்கு எல்லோரும் பார்க்கும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு இவ்வளவு நெருங்கிய சிற்றினங்களுக்கு இடையே மிகக் குறைவாகவே மாறுகிறது. அதனால் அதன் ஒவ்வோர் எழுத்தையும் நுணுக்கமாக ஒப்பிட்டார்கள். அதையடுத்து உள்ள, வேகமாக மாறும் இடைப்பகுதியையும் வரிசைப்படுத்தினார்கள். இரண்டு டி.என்.ஏ.-க்களும் எவ்வளவு பிணைகின்றன என்று பார்த்தார்கள். 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு சிற்றினம் என்பது பழைய அளவுகோல். புரதங்களின் நிறையை அளக்கும் மால்டி-டாஃப் சோதனை, வளர்ச்சிக் குணங்கள் பற்றிய சோதனைகள் எல்லாம் நடந்தன.

விடை 2013-இல் வெளியானது. பாரிஸின் சி.ஐ.பி. 105210-தான் பெரும்பாலும் அசல் பி.எஸ். 107. டி.எஸ்.எம். 17395 அதைவிட வாடன் கடலின் டி5-க்கு மிக நெருக்கம், அதாவது ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ்.

அடுத்து என்ன செய்வது? அதிகம் ஆராயப்பட்ட குழாய்க்கே காலேசியென்சிஸ் என்ற பெயரை விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். அப்படிச் செய்திருந்தால் 1998-இல் விவரித்த உயிரிக்கும் அதன் பெயருக்கும் தொடர்பு அறுந்திருக்கும். அதனால் பெயர் அசல் ஸ்ட்ரெயினோடு நின்றது. டி.எஸ்.எம். 17395 தன் எண்ணை வைத்துக்கொண்டு சிற்றினப் பெயரை மாற்றிக்கொண்டது. பாரிஸ் ஸ்ட்ரெயின் டி.எஸ்.எம். 26640 என்ற புது எண்ணில் பிரவுன்ஷ்வைக்கிலும் சேர்க்கப்பட்டது.

அதன் முழு ஜீனோம் 2014-இல் வந்தது. குரோமோசோமையும் சேர்த்து எட்டு வட்ட டி.என்.ஏ.-க்கள், 4,448 மரபணுக்கள். அவற்றில் ஒன்று பிளாஸ்மிட்டும் வட்ட வடிவ வைரஸும் கலந்த கலப்பு. மூன்று பிளாஸ்மிட் உள்ள டி.எஸ்.எம். 17395-இலிருந்து இது எவ்வளவு தூரம் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது. ஜீனோம் முழுவதையும் வைத்துச் செய்த உறவுமுறை ஆய்வும் 2013-இன் முடிவையே உறுதி செய்தது. அன்றைக்குக் காலேசியென்சிஸ் சிற்றினத்தில் முழு ஜீனோம் படிக்கப்பட்ட ஒரே ஸ்ட்ரெயின் இதுதான் என்றும் ஆனது. அதுவரை காலேசியென்சிஸின் ஜீனோம் என்று படித்தவர்கள் இன்ஹிபென்ஸின் ஜீனோமைப் படித்திருந்தார்கள்.

## அதன்பின்

பழைய சோதனைகள் வீணாகவில்லை. எந்தக் குழாயில் சோதித்தார்களோ அந்தக் குழாய்க்கு அந்த முடிவு செல்லும். ஆனால் "காலேசியென்சிஸ் இப்படிச் செய்யும்" என்று பொதுவாக எழுதிய வரிகளை, குழாய் எண்ணைத் தேடிப் பார்த்துத்தான் இனி நம்ப முடியும். சிட்னியின் 2.10-உம் இன்ஹிபென்ஸ் பக்கம் போனது. 2012-இன் அந்த வியப்பான ஒற்றுமை ஒரு சிற்றினத்துக்குள் இருந்த ஒற்றுமைதான். அந்தச் சிற்றினத்தின் பெயர் மட்டும் வேறு.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே பாதைதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், கிழக்குக்கரைச் சிப்பி ஒன்றின் ஓட்டின் உட்புறத்திலிருந்து எஸ்4 என்ற ஃபேயோபாக்டரைப் பிரித்தார்கள். சிப்பி லார்வாக்களை விப்ரியோவிடமிருந்து அது காத்தது 2013-இல் வெளியானது. முதலில் காலேசியென்சிஸ் என்றே கருதப்பட்ட எஸ்4, பிறகு இன்ஹிபென்ஸ் என்று திருத்தப்பட்டது. 2016-இல் அதன் இரண்டு வடிவங்களைச் சோதித்தார்கள்: டி.டி.ஏ. தயாரிக்க முடியாதது ஒன்று, படலமாக ஒட்ட முடியாதது இன்னொன்று. இரண்டிலும் பாதுகாப்பு குறைந்தது. மருந்து சுரந்தால் மட்டும் போதாது, தொட்டிச் சுவரிலும் ஓட்டிலும் இடம்பிடிக்கவும் வேண்டும் என்று அந்தச் சோதனை காட்டியது.

அதே கரையில் சிப்பிக் குஞ்சுகளைக் கொல்லும் ஒரு நோய்க்குக் காரணமான அலிரோசியோவாரியஸ் கிராசோஸ்ட்ரியேவும் ரோசியோபாக்டர் குழுவைச் சேர்ந்ததுதான். காப்பதும் கொல்வதும் ஒரே குடும்பத்தில் இருக்கும்போது, "ரோசியோபாக்டர் வகை, பாதுகாப்பானது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை.

டென்மார்க் ஆய்வகம் ஒன்று டர்பட் மீன் லார்வாக்களுக்காக ஆராய்ந்துவந்த 27-4 என்ற ஸ்ட்ரெயினும் பெயர் மாறியது. 2017-இல் அது ஃபேயோபாக்டர் பிசினே என்ற புதுச் சிற்றினத்தின் ஆதார ஸ்ட்ரெயின் ஆனது. 2018-இல் இந்தக் குழுவின் 33 ஸ்ட்ரெயின்களைப் பாசிக்கொல்லிக்காகச் சோதித்தார்கள். இன்ஹிபென்ஸ், காலேசியென்சிஸ், பிசினே ஆகிய மூன்று சிற்றினங்களின் டி.டி.ஏ. சுரக்கும் ஸ்ட்ரெயின்களில் மட்டுமே அது இருந்தது. 27-4 மட்டும் டி.டி.ஏ. சுரந்தும் பாசிக்கொல்லி சுரக்கவில்லை. இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு நடுவே புகுந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பாசிக்கொல்லி உள்ள சாறு ரோடோமோனாஸ், தலாசியோசைரா ஆகிய பாசிகளின் வளர்ச்சியைப் பாதித்தது, டெட்ராசெல்மிஸ் பாதிக்கப்படவில்லை. இந்த மூன்று பாசிகளும் பொரிப்பகங்களில் தீவனமாகப் புழங்குபவை.

## பொரிப்பகத்தில் இதன் பொருள்

விப்ரியோவை அடக்க ஃபேயோபாக்டரை விட்ட பொரிப்பகம், தலாசியோசைராவைத் தீவனமாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஸ்ட்ரெயினை விட்டார்கள் என்பதைப் பொறுத்து, லார்வா பிழைத்தும் தீவனம் கெட்டுப்போகலாம், அல்லது இரண்டும் நன்றாக இருக்கலாம். சிற்றினத்தின் பெயரை மட்டும் வைத்து இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய தகவல் ஜீனோமில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் வளர்ப்பில் வருகிறது. 2016-இல் டி.எஸ்.எம். 17395-இன் பிளாஸ்மிட்களை ஒவ்வொன்றாக நீக்கி அளந்து பார்த்தார்கள். 262 கிலோபேஸ் பிளாஸ்மிட் இல்லாத செல்கள் அசல் செல்களைவிட நன்றாக வளர்ந்தன. டி.டி.ஏ. தயாரிப்பதும் அதைத் தாங்குவதும் அந்தச் செல்லுக்கே சுமை. அப்படியென்றால், பெரிய பாத்திரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போனால், டி.டி.ஏ. இல்லாத செல்கள் முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. வாளி நிறைய உயிருள்ள பாக்டீரியா இருக்கும், எண்ணிப் பார்த்தாலும் கணக்குச் சரியாக வரும். லார்வாவைக் காக்கும் குணம் மட்டும் அதில் இல்லாமல் போயிருக்கலாம்.

## என்ன மாற வேண்டும்

ஆய்வுக் கட்டுரையில் சிற்றினப் பெயரோடு சேமிப்பக எண்ணும் எப்போதும் வர வேண்டும். டி.எஸ்.எம். 17395-ஐப் பயன்படுத்தியவர்களில் எண்ணை எழுதியவர்களின் வேலையை ஒரே வரியில் திருத்திப் படிக்க முடிந்தது. பெயரை மட்டும் எழுதியவர்களின் வேலையை அப்படிப் படிக்க முடியாது.

இன்றைய விதிப்படி, புதுச் சிற்றினத்தின் ஆதார ஸ்ட்ரெயினை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களிலாவது வைக்க வேண்டும். பாரிஸில் தனியாக ஒரு குழாய் இருந்ததால்தான் இந்த வேறுபாடே கண்ணில் பட்டது. இரண்டு குழாய்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, வைப்புச் செய்யும் நாளிலேயே நடக்க வேண்டும். ஜீனோம் வரிசைப்படுத்தும் செலவு இவ்வளவு குறைந்த காலத்தில் அதைத் தள்ளிப்போட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

விற்பனைக்கு வரும் பொருட்களுக்கும் இதே கேள்வி உண்டு. நம் கடலோர இறால் பண்ணைகளுக்கு வரும் புரோபயாடிக் டப்பாக்களில் சிற்றினப் பெயர் அச்சாகியிருக்கும், ஸ்ட்ரெயின் எண் பல நேரங்களில் இருக்காது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது பேசிலஸ் வகை என்பதால் ஃபேயோபாக்டரின் பிளாஸ்மிட் சிக்கல் அப்படியே பொருந்தாது. ஆனாலும் எந்த ஸ்ட்ரெயின், எந்தச் சேமிப்பகம், ஜீனோம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. கேட்கவும் வேண்டும்.

ஃபேயோபாக்டரைத் தொட்டியில் விடுவதாக இருந்தால், ஒவ்வொரு வளர்ப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, இரும்புச் சத்துள்ள கடல்நீர் அகார் தட்டில் பரப்பிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. பழுப்புக் காலனிகளுக்கு நடுவே வெளிறிய காலனிகள் எத்தனை என்று எண்ணினால், டி.டி.ஏ. பிளாஸ்மிட் எவ்வளவு தொலைந்திருக்கிறது என்று தோராயமாகத் தெரியும். உறுதிப்படுத்த டி.டி.ஏ. மரபணுவுக்கு ஒரு பி.சி.ஆர். செய்தால் போதும். வெளிறியவை கூடியிருந்தால் அந்த வளர்ப்பைக் கொட்டிவிட்டு, மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் முதல் குழாயிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.